ஊர் அடுப்பெல்லாம் பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில்தான். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது, ‘நீலம்’ என்றால் தெரியும். எந்த வீட்டில் அடுப்பைச் சரி செய்தாலும் பற்றவைத்துவிட்டுக் குனிந்து, கன்னம் சுட்டுவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்து, “நீலமா எரியணும்மா. மஞ்சள் தெரியக்கூடாது” என்பார். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் கணக்கில் எனக்கும் ஒரு பெயர் உண்டு, நீலத்தோட சம்சாரம். கேட்க லட்சணமாகவா இருக்கிறது?

ஆள் ஒல்லி. வலது கைக் கட்டைவிரல் எப்போதும் கறுப்பு, எந்த சோப்புக்கும் அது அசையாது. தோளில் ஒரு காக்கிப் பை. அதில் ஸ்பேனர், ஊசிகள், கிரீஸ் டப்பா, கசிவு பார்ப்பதற்கு ஒரு சோப்புத் துண்டு. பத்தொன்பது வயதில் பாத்திரக்கடையில் மூட்டை தூக்கப் போனவர். திருப்பி வந்த பழுதான அடுப்புகளை மதிய நேரத்தில் தானே பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. நான் கடைவீதி முனையில் இருக்கிற மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை. ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அந்தக் கவுண்டருக்கு வந்துதான் ஆக வேண்டும். வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு சும்மா போவார்களா?

“அக்கா, உங்க வீட்டுக்காரர் நேத்து வந்திருந்தார். என்ன பேச்சு, என்ன பேச்சு! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு.”

“இவ்ளோ கலகலன்னு இருக்கிற மனுஷனைக் கட்டியிருக்கீங்க. வீட்ல பொழுது போறதே தெரியாதுல்ல?”

நான் பல்லைக் காட்டுவேன். வேறு என்ன செய்வது? கலகலவாம். என் வீட்டில் அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை விழுந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஏழு மணிக்கு வருவார், கை கழுவுவார், ஹாலில் டிவி முன்னால் உட்காருவார். தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்றால் “போதும்.” “நல்லாயிருக்கா?” என்றால் “ம்.” என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் “இந்தா.” அவ்வளவுதான். பதினாறு வருடக் குடும்பம்.

ஊருக்குள் மட்டும் அவர் அடுப்பு ஜோசியர். அடுப்பைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாராம். பெரிய பர்னர் புதுசு மாதிரியும் சின்னது தேய்ந்தும் இருந்தால், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், ஒரே ஒருத்தர் டீ போட்டுக் குடித்துக்கொண்டு இருக்கிறார் என்று அர்த்தம். பாலின் தீய்ந்த கறை அடுக்கடுக்காக இருந்தால் கைக்குழந்தைக்காரி, பாலை வைத்துவிட்டு ஓடுகிறவள். குமிழ் இரண்டும் தளர்ந்திருந்தால் அடிக்கடி கோபத்தில் திருகி அணைக்கிற வீடு. பளபளவென்று கறையே இல்லாமல் இருந்தால் அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லை, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. “ஹாலைக் காட்டி யாரை வேணாலும் ஏமாத்தலாம், அடுப்பை வச்சு ஏமாத்த முடியாது” என்று சொல்வாராம். இதையும் எனக்குச் சொன்னது ஒரு சர்க்கரை நோயாளி.

அன்றைக்கு ராத்திரி தட்டை நீட்டும்போதே கேட்டேன், “நம்ம அடுப்பைப் பார்த்தா என்ன தெரியுதாம்?”

அவர் தலையைத் தூக்கினார். கொஞ்சம் யோசித்தார். “நல்லாயிருக்கு” என்றார்.

நல்லாயிருக்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒன்பதாவது படிக்கிற என் மகள் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து, “அப்பா, அம்மாவுக்குக் காதுல புகை வருது. உங்க பையை எடுத்துட்டு வாங்க” என்றாள். அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அதுவும் டிவியைப் பார்த்து.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அடுப்பு நல்லாத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவரே பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்த்துப் போட்டது. கனமான பித்தளை பர்னர். இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு நாள் கூட மக்கர் பண்ணியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவரே கழற்றித் துடைத்து மாட்டி வைத்துவிடுவார். வந்து பார்த்தால் தீ வழக்கத்தைவிட நேராக நிற்கும், அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். என் அடுப்படி குறுகல், இரண்டு பேர் எதிரெதிரே போனால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக் குழாய்கள். அங்கே நின்றுகொண்டு தினமும் இரண்டு வேளை சமைக்கிறேன். அவர் ஒரு நாளாவது வந்து நின்று, இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனேன், யார் என்ன சொன்னார்கள் என்று பேசமாட்டாரா என்று ஏங்கினேன். ஆமாம், ஏங்கினேன். வெட்கம் என்ன இதில்? கட்டிய புருஷனின் பேச்சைக் கேட்க ஆசைப்படுவது தப்பா?

சரி, டீச்சருக்கு வருகிறேன். தையல் டீச்சர் என்று ஒருத்தி, அஞ்சலகத்துக்குப் பின் தெருவில். புருஷன் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர். அவள் வீட்டு அடுப்பு மட்டும் மாதா மாதம் கெட்டுப்போகும். மாதம் தவறாமல் வியாழக்கிழமை இவர் அங்கே போவார். அன்றைக்கு ராத்திரி இங்கே பாதிச் சாப்பாடுதான் இறங்கும். இது எப்படி எனக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். வயிறு எரிகிறவளுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு நாள் அந்த டீச்சரே கடைக்கு வந்து முட்டிவலித் தைலம் வாங்கினாள். வாங்கியவள் பையை எடுத்துக்கொண்டு தைலத்தைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். இந்த மாதிரி சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்? வேலை முடிந்ததும் தைலத்தோடு நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவள் அழகாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். கடையில் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. என் வயதுதான், என்னைவிடக் கொஞ்சம் பருமன், கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. குண்டூசியை எடுத்துவிட்டு, “அடடா, இதுக்காகவா நடந்து வந்தீங்க? உள்ள வாங்க, டீ போடறேன்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கே போனாள். ஹாலில் உட்காரச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வெள்ளந்தி. எனக்கு இன்னும் எரிந்தது.

அடுப்பைப் பார்த்தேன். பாடாவதி அடுப்பு, ஒரு கால் ஒடிந்து மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு மேலே அலமாரியில் சர்க்கரை டப்பா, டீத்தூள் டப்பா, அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னத் தகர டப்பா. மூடியில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. எனக்குத் தெரியாத ரேகையா அது?

“அது மெக்கானிக்கோட வாஷர் டப்பா. ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வரணுமான்னு இங்கேயே வச்சுட்டார்” என்றாள் டீச்சர்.

இன்னொருத்தி அடுப்படியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், என் புருஷனின் டப்பா. என் அடுப்படியில் அவருடைய பொருள் என்று ஒரு தீப்பெட்டி கிடையாது.

“இந்த அடுப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமே” என்றேன். குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

“அவரும் அதைத்தான் சொல்றார். நான்தான் மாட்டேங்கறேன். புதுசு வாங்கினா அவர் எதுக்கு வருவார்? இந்த வீட்ல மாசத்துல ஒரு நாள்தாங்க மனுஷக்குரல் கேக்குது. மீதி நாளெல்லாம் மெஷின் சத்தம்தான்.” சொல்லிவிட்டு அவள் கலகலவென்று சிரித்தாள். “அவருக்கும் பேச்சுன்னா ஒரே பேச்சுதான். எங்க வீட்ல இப்படி, எங்க வீட்ல அப்படி. அவர் வீட்ல இருக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. ஆனா எதிர்ல வந்தா கண்டுபிடிச்சுடுவேன். கோவம் வந்தா வலது புருவம் மட்டும் ஏறுமாம். தூக்கத்துல மருந்துப் பேரா சொல்லுவாங்களாம். அப்பா இறந்தப்ப அழவே இல்லையாம், மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் பழைய குடையைப் பார்த்துட்டு அழுதாங்களாம். அவர் கதவுக்கு வெளியில நின்னுட்டே இருந்தாராம்.”

அவள் டீயை வடிகட்டிக்கொண்டே திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். என் வலது புருவத்தைத்தான் பார்த்திருப்பாள். “ஐயையோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் டீயைக் குடிக்கவில்லை. ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மற்றவள் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் குளிர்ந்துபோயிருப்பாள். புருஷன் வெளியே போய்த் தன்னைப் பற்றியே பேசுகிறான், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருப்பாள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவர் அவளிடம் கொட்டியதெல்லாம் யாருடைய சொத்து? என் குடை, என் அழுகை, என் தூக்கம். அன்றைக்கு அவர் கதவுக்கு வெளியே நின்றார் என்பதே எனக்குத் தெரியாது. அதை நான் ஒரு தையல்காரி வாயால் கேட்க வேண்டுமா? அவர்களுக்குள் வேறு ஏதாவது இருந்திருந்தால் கூட இவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன் போலிருந்தது. என்னைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அன்றிரவு கேட்டேன், “டீச்சர் வீட்டு அடுப்பு எப்படி இருக்கு?”

“பரவாயில்ல” என்றார், டிவியைப் பார்த்து.

படுத்தும் தூக்கம் வரவில்லை. டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுசு வாங்கினா அவர் எதுக்கு வருவார்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எதிரி அந்த டீச்சர் இல்லை, என் அடுப்பு. பதினாறு வருடமாகக் கெடாமல் எரிந்து என் குடியைக் கெடுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஒரு வாரம் பொறுத்தேன், அதற்குமேல் முடியவில்லை. புதன்கிழமை மதியம் கடையில் சீக்கிரமே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெக்கானிக் பெண்டாட்டி இல்லையா, முதலில் சிலிண்டரை மூடினேன். பிறகு ஒரு பிடி மாவை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பெரிய பர்னரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். அரை மணி நேரம் பிடித்தது. அடைக்க அடைக்க மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

“அடுப்பு எரியலைங்க. வந்து பார்க்கணும்” என்றேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடித்தது. வேறு யாருடைய அடுப்படியிலோ இருந்தார்.

“எந்த வீடும்மா?” என்றார்.

“பேக்கரிக்கு மேல ரெண்டாவது மாடி. இடது பக்கக் கதவு.”

“பர்னர் ரெண்டுமே எரியலையா?”

“பெரிசு மட்டும்.”

“நாலு மணிக்கு வர்றேங்க” என்று வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சொந்த வீடு, பாக்கெட்டில் சாவி இருக்கிறது, மனுஷன் மணி அடிக்கிறார். திறந்தேன். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் காக்கிப் பையோடு நின்றார். “அடுப்பு ரிப்பேர்னு போன் வந்துச்சு. உள்ள வரலாமாங்க?”

சிரிக்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மீசை ஓரம் மட்டும் கொஞ்சம் ஆடிற்று. “வாங்க” என்றேன்.

அடுப்படிக்குள் வந்தார். நான் வயிற்றை எக்கி வழிவிட்டேன். பர்னரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

“மாவு” என்றார்.

“ஏதாவது பொங்கியிருக்கும்.”

“பொங்கினா ஒரு பக்கமா வழிஞ்சு அடைக்கும்ங்க. இது ஒண்ணு விடாம வரிசையா அடைச்சிருக்கு. செஞ்சவங்க ரொம்பப் பொறுமைசாலி.”

“பொறுமையா? இந்த வீட்லயா?”

அவர் மேடை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு ஊசியால் முதல் ஓட்டையைக் குத்த ஆரம்பித்தார். “எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க இந்த அடுப்பை?”

“பதினாறு வருஷம்.”

“நல்ல அடுப்பு. யார் போட்டுக் கொடுத்தது?”

“ஒரு மெக்கானிக். வாயில கொழுக்கட்டை வச்சுக்கிட்டு இருக்கிறவர்.”

அவருக்கு ஊசி நழுவியது. எடுத்துக்கொண்டார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற மாதிரியே கேட்டேன், “உங்க வீட்ல என்ன பண்றாங்க?”

“மருந்துக்கடையில இருக்காங்க” என்றார், பர்னரிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாள் பூரா நிக்கிற வேலை. குதிகால் வலி உண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க. ராத்திரி நான் வரும்போது வாசல்ல இடது செருப்பு மட்டும் தள்ளிக் கிடந்தா அதை முதல்ல கழட்டியிருக்காங்க, அன்னிக்கு வலி அதிகம்னு அர்த்தம். அன்னிக்கெல்லாம் நான் ரெண்டாந்தடவை சாப்பாடு கேக்கறதில்ல.”

எந்தச் செருப்பை முதலில் கழற்றுகிறேன் என்பது எனக்கே தெரியாது.

“கோவக்காரங்களோ?”

“அதை ஏன் கேக்கறீங்க! ஆனா நாங்க அடுப்புக்காரங்க. எரியறதைக் கண்டு பயந்தா பொழைக்க முடியுமா?”

பத்து நிமிடம் இப்படியே பேசினார். பெண்கள் சொன்னது சத்தியம், கலகலவென்றுதான் பேசினார். கடைவீதி வக்கீல் வீட்டில் அடுப்புக்குள்ளிருந்து ஒரு பல்செட் கிடைத்த கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே எல்லாம் சேர்ந்து பொங்கிவிட்டது. ஊரில் எத்தனை பேர் எத்தனை வருடமாக இப்படிச் சிரித்திருக்கிறார்கள்!

“இவ்ளோ பேசறீங்களே, இதையெல்லாம் உங்க வீட்ல ஏன் பேசறதில்ல?” என்றேன். விளையாட்டுக் குரலில் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை.

ஊசி நின்றது. கட்டைவிரலால் பர்னரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கல்யாணமாகி மூணாவது மாசம்ங்க” என்றார். “ஒரு ஞாயித்துக்கிழமை. அவங்க வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. சும்மா பக்கத்துல நின்னு பேசலாமேன்னு போனேன். ‘அடுப்படியில உங்களுக்கு என்ன வேலை?’ன்னு கேட்டாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுட்டு இருந்துச்சு. எனக்கு அங்க வேலை ஒண்ணும் இல்லை. திரும்பி வந்துட்டேன்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. எப்படி இருக்கும்? அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள்? கையில் கரண்டி இருந்தால் வாயில் தானாக வருகிற வார்த்தை அது. மற்ற ஆண்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். இவர் ஒருத்தர்தான், வேலை என்றால் ஸ்பேனர் என்று நினைக்கிற இந்த மனுஷன்தான், அதை உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, தன்னிடம் பதில் இல்லை என்று வெளியே போய்விட்டார். போனவர் பதினாறு வருடம் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அடப்பாவி மனுஷா” என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வெங்காயத்தின் மேல் பழியைப் போடக்கூட வழியில்லை. “ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க அது! ஒரு பேச்சுக்கு!”

“நீ என்ன வேலைன்னு கேட்டே” என்றார். இப்போது ‘நீ’ வந்துவிட்டது. “எனக்குப் பதில் தெரியலை.”

அவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இடம் போதாத அடுப்படி. ஹாலுக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தேன். அது உள்ளே நுழையவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று வாசலில் போட்டேன்.

“உட்காருங்க.”

“இன்னும் பாதி ஓட்டை பாக்கி இருக்கு.”

“கிடக்கட்டும். சின்ன பர்னர்ல டீ போடறேன். அந்த பல்செட் யாருதுன்னு இன்னும் சொல்லலை நீங்க.”

உட்கார்ந்தார். பர்னரை மடியில் வைத்துக்கொண்டார். சிலிண்டரைத் திறந்து, பாத்திரத்தை வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டேன், “நாளைக்கு வியாழக்கிழமை. டீச்சர் வீட்டுக்குப் போவீங்கல்ல?”

“ஆமா. வாஷர் மாத்தணும்.”

“போங்க, வேணாம்னு சொல்லலை. பாவம், தனியா இருக்கா. ஆனா என் குதிகால், என் புருவம், எங்கப்பா குடை, இதெல்லாம் இனிமே அங்க ஒரு வார்த்தை வரக்கூடாது. எல்லாம் இங்க மட்டும்தான். புரியுதா?”

அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். “அப்ப அங்க என்னதான் பேசறது?”

“அடுப்பைப் பத்திப் பேசுங்க” என்றேன்.